தொட்டால் ஒட்டுமா தொழுநோய்? ரேடியோ சொன்ன பதில்!

தோவாளையில் பூக்கட்டும் வீடுகளை நினைத்துக் கொள்ளுங்கள். மடியில் பிச்சிப்பூக் குவியல், கையில் நார், பக்கத்தில் பாடிக் கொண்டிருக்கும் ரேடியோ. விரல்கள்தான் வேலையில் இருக்கும், காது சும்மாதான் இருக்கும். அந்தக் காதைப் பிடிக்க ரேடியோவை விட்டால் வேறு நல்ல ஆள் கிடையாது.

சரி, பூக்கட்டும் அந்தக் கையில் வெளிறிய, உணர்ச்சியே இல்லாத தேமல் ஒன்று இருந்தால்? "சும்மா தேமல்தான்" என்று முந்தானையால் மூடிக் கொள்வார்கள். தொழுநோய் என்று தெரிந்துவிட்டால் மகள் கல்யாணம் என்னாவது, கட்டின பூவை யார் வாங்குவார்கள் என்ற பயம். மறைக்க மறைக்க நரம்பு கெடும். பூத்தொடுத்த விரல்களே மடங்கிப் போகும்.

இந்தப் பயத்தை வளர்த்ததில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. 1954-ல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தில், வழிதவறிப் போன நாயகனுக்குத் தொழுநோய் வருகிறது. எம்.ஆர்.ராதாவின் நடிப்பு அபாரம், யார் மறுப்பது? ஆனால், 'பாவம் பண்ணினவனுக்கு வர்ற வியாதி' என்ற எண்ணத்துக்கு அது உரம் போட்டுவிட்டது. உண்மையில் இது கிருமியால் வருவது. அந்தக் கிருமியை நார்வே டாக்டர் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

திரை பதித்ததை ஒலிபரப்பால் அழிக்க முடியுமா? முடிந்திருக்கிறது. 1999-ல் பி.பி.சி.யின் அறக்கட்டளை, தூர்தர்ஷனோடும் அகில இந்திய வானொலியோடும் சேர்ந்து நம் நாட்டில் தொழுநோய் பற்றி ஒரு பிரசாரம் தொடங்கியது. குட்டிக் குட்டி விளம்பரங்கள், நாடகங்கள்... 'தொட்டால் ஒட்டும்' என்று நம்பியவர்கள் 52 சதவீதத்திலிருந்து 27 சதவீதமாகக் குறைந்தார்கள். ஏன் பலித்தது? அழுகிய கையைக் காட்டி மிரட்டவில்லை என்பதுதான் என் கணிப்பு. குணமாகும், மருந்து உண்டு என்று சொன்னார்கள். மிரட்டினால் பார்க்கிறவர் சேனலை மாற்றுவார். நோயாளியோ இன்னும் ஒளிந்து கொள்வார்!

உங்கள் பக்கத்திலேயே ஒரு பெருமை இருக்கிறது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. டெல்லியிலிருந்து வரும் அறிவுரையை விட, நம்ம ஊர்ப் பேச்சில், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிற மாதிரி சொன்னால் மனசில் நிற்கும். இன்னொரு சௌகரியம், யார் கேட்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இந்த மாதிரி நிகழ்ச்சி வரும்போது, "சாப்பிடற நேரத்துல இது எதுக்கு?" என்று வால்யூமைக் குறைக்காதீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்டுக் கொண்டிருக்கலாம்.

ஆனால் ரேடியோ கேட்டால் மட்டும் நோய் போகாது. வெளிறிய அல்லது சிவந்த தேமலில் பஞ்சால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தொடுவது தெரியவில்லையா? அரிக்கவும் இல்லையா? உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்து, இலவசமாகவே தருவார்கள். சாப்பிடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம்.

கல்யாணக் கவலைக்கும் ஒரு தகவல்: தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்றிருந்த சட்டப்பிரிவை 2019-ல் பாராளுமன்றமே நீக்கிவிட்டது.