முழுசா எடுத்தாச்சா, டாக்டர்?

1930-ம் ஆண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார், வீட்டு ஆட்கள் நான்கு பேர். பெரிய விருந்தெல்லாம் இல்லை, எளிய சாப்பாடுதான். சமைக்க முழுப் பகலும் அந்தப் பெண்மணியின் கையில் இருந்தது. ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தபோது அடுப்பில் ஒன்றிரண்டு பாத்திரங்கள் மட்டும் இருந்தன. சாலட் தயாராகவில்லை. இறைச்சியில் கையே வைக்கவில்லை. வேண்டிய பொருளெல்லாம் கண்முன் கிடக்க, எதை எடுத்து எதற்குப் பிறகு செய்வது என்று பிடிபடாமல், அவர் சமையலறையில் தனியாகத் தவித்து நின்றார்.

விருந்தாளி அவருடைய தம்பி வைல்டர் பென்ஃபீல்ட். கனடாவின் மான்ட்ரியால் நகரில் நரம்பியல் அறுவை மருத்துவர். பதினைந்து மாதங்களுக்கு முன்னால், 1928 டிசம்பரில், அக்கா ரூத்தின் மூளையில் இருந்த கட்டியை எடுத்தவரும் அவரேதான். கட்டி நெற்றிக்குப் பின்னால், மூளையின் வலது முன்பகுதியில் பரவியிருந்தது. எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் எடுத்துவிடுவது என்று இறங்கிய தம்பி, அந்தப் பகுதியில் பெரும்பாலானதை வெட்டி எடுத்தார். அக்கா பிழைத்தார். பேச்சு இருந்தது, நினைவு இருந்தது. ஒரு வேலையைத் தானாகத் திட்டமிட்டு, வரிசையாகச் செய்து முடிக்கும் திறன் மட்டும் குறைந்துவிட்டது. அத்தனை வெட்டியும் கட்டி முழுக்க வரவில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் ரூத் இறந்துபோனார்.

மூளைக்கட்டிக்கு ஆபரேஷன் நடக்கும் எந்த மருத்துவமனையிலும், தியேட்டர் கதவு திறந்து டாக்டர் வெளியே வந்ததும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "முழுசா எடுத்தாச்சா, டாக்டர்?" வயிற்றிலோ மார்பிலோ இருக்கும் கட்டி என்றால், சுற்றியிருக்கும் நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுத்துவிடலாம். மூளையில் அந்தக் 'கொஞ்சம்' ஒருவரின் வலது கையாக இருக்கலாம், பேச்சாக இருக்கலாம், சமையல் கைப்பக்குவமாகவும் இருக்கலாம். எப்படி எடுப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே இந்தத் துறையை நூற்று நாற்பது ஆண்டுகளாகப் படுத்தும் பாடு.

'மூளைக்கட்டி' என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அது ஒரே நோய் அல்ல. நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கிய புற்றுநோய் ரத்தம் வழியாக வந்து மூளையில் இறங்குவது ஒரு வகை. பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது இதுதான். மூளையிலும் அதைச் சுற்றியும் தானாகவே முளைப்பவை இன்னொரு வகை. இவற்றில் மெனிஞ்சியோமா என்பது மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் வளர்வது. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, ஆண்டுக்கணக்கில் மெதுவாகப் பெருத்து மூளையை ஓரமாகத் தள்ளும். பலாச்சுளையிலிருந்து கொட்டை பிரிவதுபோல் பிரித்தெடுக்க வாய்ப்புள்ள கட்டி. தவறான இடத்தில், முக்கிய ரத்தக்குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தால் மட்டும் கதை வேறு.

கிளையோமா அப்படியல்ல. அது மூளையின் சொந்தத் திசுவிலிருந்தே கிளம்புகிறது. வயலில் கோரையைப் பிடுங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். மேலே தெரிவதைப் பிடுங்கலாம், மண்ணுக்குள் ஓடிய கிழங்கு எத்தனை தூரம் போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் எல்லையைத் தாண்டியும் அதன் செல்கள் ஊடுருவியிருக்கும். ரூத்துக்கு இருந்தது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கட்டிதான். அதே 1928-ல் அமெரிக்க மருத்துவர் வால்டர் டான்டி இன்னும் ஒரு படி மேலே போனார். ஏற்கெனவே இடதுபக்கம் செயலிழந்திருந்த நோயாளிகளுக்கு மூளையின் வலது பாதி முழுவதையும் எடுத்ததாக அறிவித்தார். அதற்குப் பிறகும் கிளையோமா திரும்பி வந்தது.

தொடக்க காலத்தில் எல்லையைப் பற்றி யோசிக்கவே முடியாது. கட்டி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. 1884 நவம்பர் 25 அன்று லண்டனில் ரிக்மன் காட்லி என்ற அறுவை மருத்துவர் 25 வயது ஸ்காட்லாந்து விவசாயி ஒருவரின் மண்டையைத் திறந்தார். அப்போது எக்ஸ்-ரேகூடக் கிடையாது. இடது பக்கத்தில் தொடங்கும் வலிப்பையும், செயலிழந்துவரும் இடது கையையும் மட்டும் வைத்து, கட்டி வலது மூளையில் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஹியூஸ் பென்னெட் என்ற மருத்துவர் கணக்குப் போட்டிருந்தார். சொன்ன இடத்திலேயே வால்நட் அளவில் கட்டி இருந்தது. இருபத்தெட்டாம் நாள் அந்த விவசாயி நோய்த்தொற்றால் இறந்தார். கணக்குச் சரி, உடம்பு தாங்கவில்லை.

அடுத்த தடை ரத்தம். 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனில் ஹார்வி குஷிங் ஒரு நோயாளியை மறுபடியும் மேஜையில் படுக்க வைத்தார். சில நாட்களுக்கு முன் ரத்தப்போக்கு நிற்காததால் பாதியில் கைவிட்ட ஆபரேஷன் அது. இந்த முறை வில்லியம் போவி என்ற இயற்பியலாளர் தன் மின்கருவியோடு வந்திருந்தார். உயர் அதிர்வெண் மின்சாரத்தால் வெட்டவும் முடிந்தது, கசியும் குழாய்களைச் சுட்டு அடைக்கவும் முடிந்தது. தொடமுடியாது என்று முன்பு மூடிவைத்த கட்டிகளுக்கெல்லாம் குஷிங் திரும்பப் போனார். 1931 ஏப்ரலில் அவர் தன்னுடைய 2,000-வது மூளைக்கட்டி ஆபரேஷனைச் செய்தபோது, இறப்பு விகிதம் 10 சதவீதத்துக்கும் கீழே வந்திருந்தது. அவர் இறந்தபின் உடற்கூறாய்வு செய்தார்கள். குஷிங்கின் மூளையிலேயே ஒரு சிறு நீர்க்கட்டி, எந்தத் தொந்தரவும் தராமல் இருந்திருக்கிறது.

மண்டையைத் திறக்காமலே உள்ளே பார்க்கும் வழி 1971 அக்டோபர் 1 அன்று கிடைத்தது. லண்டனை அடுத்த விம்பிள்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. இன்று அந்தப் படங்களைக் கணினியில் ஏற்றி, காரில் வழி காட்டும் ஜி.பி.எஸ். போல, கருவியின் முனை மூளையில் எங்கே நிற்கிறது என்று திரையில் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டிகளுக்கு மண்டையைத் திறக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு எடுத்துவிடுகிறார்கள்.

எல்லையைக் கண்ணுக்குக் காட்டும் வித்தையும் உண்டு. ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளிக்கு '5-ஏ.எல்.ஏ.' என்ற மருந்தைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். வீரியமான கிளையோமா செல்கள் அதை ஒளிரும் பொருளாக மாற்றிச் சேர்த்துக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் நீல விளக்கைப் போட்டதும் கட்டி இளஞ்சிவப்பாக ஜொலிக்கும், நல்ல மூளை நீலமாகவே இருக்கும். 2006-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், ஸ்கேனில் தெரிந்த கட்டியை முழுக்க எடுக்க முடிந்தவர்கள் சாதாரண விளக்கில் 36 சதவீதம், இந்த முறையில் 65 சதவீதம். கவனிக்க வேண்டியவை 'ஸ்கேனில் தெரிந்த' என்ற சொற்கள். தெரியாததற்குத்தான் பின்னால் கதிர்வீச்சும் மாத்திரையும். கிளையோமாவின் வீரியமான வகையான கிளையோபிளாஸ்டோமாவில் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரையும் சேர்ந்தபோது, நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது என்று 2005-ல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டரை மாதம். அதுவே அந்த நோயில் பெரிய முன்னேற்றமாக எண்ணப்பட்டது.

காலையில் எழும்போதே தலைவலி, கூடவே வாந்தி, அதுவரை இல்லாத ஃபிட்ஸ், ஒரு பக்கக் கை காலில் பலக்குறைவு, வார்த்தை வராமல் திணறுவது, ஒரு காதில் மட்டும் கேட்பது குறைவது... இவையெல்லாம் டாக்டரைப் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள். தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவை கட்டியால் வருவதில்லை. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணித்து, அவர் தானாக எழுந்ததும் அதோடு விட்டுவிடுவதுதான் ஆபத்து. பெரியவர் ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே முறை.

அக்காவின் ஆபரேஷனுக்குப் பிறகு மூளையை ஆராய ஒரு நிறுவனம் வேண்டும் என்று அலைந்த பென்ஃபீல்ட், 1934-ல் மான்ட்ரியால் நரம்பியல் நிறுவனத்தைத் திறந்தார். அங்கே பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் ஜேக்கப் சாண்டி. அவர் 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை. அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில், சென்னைவாசிகளின் 'ஜி.எச்.'சில், பி.ராமமூர்த்தி இந்தப் பணியைத் தொடங்கினார். 1951-ல் இருவரும் வேறு இருவரோடு சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைச் சென்னையில் நிறுவினார்கள்.

மான்ட்ரியாலில் பென்ஃபீல்ட் செம்மைப்படுத்திய ஒரு முறை, நோயாளியை விழிக்க வைத்துக்கொண்டே மூளையில் வேலை செய்வது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் வலியை உணரும் நரம்பு முனைகள் மூளைத் திசுவுக்குள் இல்லை. தோலையும் மேலுறையையும் மரத்துப்போகச் செய்தால் போதும். பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் கட்டி இருப்பவர்களுக்கு இன்றும் இதுதான் நம்பகமான வழி. முந்தைய நாளே அவர்களிடம் படங்களைக் காட்டிப் பழக்கிவிடுவார்கள். தமிழும் ஆங்கிலமும் புழங்குகிறவர் என்றால் இரண்டிலும் சோதிப்பது நல்லது. ஒரு மொழியின் சொல் தட்டுப்படும் இடத்திலேயே இன்னொன்றும் இருக்கும் என்ற உறுதி இல்லை.

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து படங்களைக் காட்டுகிறார். நோயாளி ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். "இது ஒரு குடை." "இது ஒரு ஆடு." அந்தப் பக்கம் அறுவை மருத்துவர் சில மில்லியாம்பியர் மின்சாரம் பாயும் சிறு கருவியால் மூளையின் மேல் இடம் இடமாகத் தொட்டுக்கொண்டு வருகிறார். வாயே திறக்கவில்லை என்றால் பேசும் செயல் நின்றிருக்கிறது. "இது ஒரு..." வரைக்கும் வந்து பெயர் மட்டும் சிக்கினால், தொட்டது சொல்லைத் தேடித் தரும் இடம்.

"இது ஒரு பூட்டு."

"இது ஒரு..."

படத்தில் இருப்பது சீப்பு. நோயாளிக்கு அது என்னவென்று தெரிகிறது, தலைவாருவதுபோல் கையைக்கூட அசைக்கிறார், வார்த்தை மட்டும் வரவில்லை. மருத்துவர் கருவியை எடுக்கிறார். "சீப்பு!" மறுபடி தொட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். பென்ஃபீல்ட் காலத்திலிருந்து வரும் வழக்கப்படி, எண் எழுதிய ஒரு சின்னத் துண்டு அந்த இடத்தில் வைக்கப்படுகிறது. அதன் அடியில் கட்டி கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். கத்தி அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது.