பூண்டுலோயாவிலிருந்து ஒரு புள்ளிவிபரவியலாளர்

பூண்டுலோயாவில் ஒரு பிள்ளை உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்துவிட்டால், வீடும் பாடசாலையும் காணும் கனவு ஒன்றுதான்: பொறியியல். வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால் பௌதிக விஞ்ஞானம். பல்கலைக்கழகத்தில் கணிதமும் புள்ளிவிபரவியலும் படிக்கும் அந்த வழியை, வேறு இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடமாகவே நாம் பார்க்கிறோம். இதனால் மலையகத்துக்குத்தான் நட்டம். நம்மைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகளில் பல கணக்கிலிருந்தே பிறக்கின்றன. அந்தக் கணக்கைப் போடவும், அதில் பிழை கண்டால் எழுந்து சொல்லவும் பயிற்சி பெற்ற பிள்ளைகள் நமக்கு மிகவும் வேண்டும்.

வெட்டுப்புள்ளியையே எடுத்துக்கொள்வோம். ஒரு பாடத்தில் பரீட்சை எழுதிய எல்லோருடைய சராசரி 40, நியம விலகல் 20 என்று வைத்துக்கொண்டால், 70 புள்ளி பெற்றவரின் இசட் புள்ளி, அதாவது சராசரியிலிருந்து அவர் எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறார் என்ற அளவு, 1.5. சராசரி 55, நியம விலகல் 10 என்றுள்ள இன்னொரு பாடத்திலும் அதே 70க்கு அதே 1.5 தான். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைக் கூட்டி எடுக்கும் சராசரியே பல்கலைக்கழக வாசலைத் திறக்கிறது. அதற்கு மேல் திறமை, மாவட்டச் சனத்தொகை, பின்தங்கிய மாவட்டங்கள் என்ற ஒதுக்கீடுகள் வருகின்றன. பூண்டுலோயா அமைந்துள்ள நுவரெலியா, பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. இந்த இசட் புள்ளிக் கணக்கே ஒருமுறை பிழைத்தது. 2011 உயர்தரப் பரீட்சை பழைய, புதிய பாடத்திட்டங்கள் இரண்டிலும் நடந்தது. இரு தொகுதியினரையும் ஒன்றாகக் கலந்து கணித்த இசட் புள்ளிகள் செல்லாது என்று 2012இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனித்தனியாகக் கணிக்க வேண்டியதாயிற்று. எந்தக் கூட்டத்தின் சராசரியோடு ஒருவரை ஒப்பிடுவது என்ற கேள்வி, முதலாம் ஆண்டுப் புள்ளிவிபரவியல் வகுப்பிலேயே எழுகிற கேள்வி. அது ஆயிரக்கணக்கான மாணவர்களின் வருங்காலத்தை நீதிமன்றம்வரை இழுத்துச் சென்றது.

வறுமைக் கணக்கு இன்னும் நெருக்கமானது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 கணக்கில் நாட்டில் வறியோர் 4.1 வீதம், தோட்டத்துறையில் 8.8 வீதம். 2019இல் நாட்டில் 14.3, தோட்டத்துறையில் 33.8. மூன்றே ஆண்டில் தோட்டத்தில் வறுமை நான்கு மடங்கு ஆகிவிட்டது என்று மேடையில் முழங்க இந்த எண்கள் வசதியானவை. ஆனால் இடையில் வறுமைக் கோட்டின் அடிப்படையே புதுப்பிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளையும் நேரே ஒப்பிடக் கூடாது. ஒப்பிட வேண்டியது அந்தந்த ஆண்டுக்குள்தான். பழைய கோடோ புதிய கோடோ, தோட்டத்துறையின் வறுமை நாட்டின் வறுமையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இந்த வாதம் முழக்கத்தைவிட வலுவானது, யாராலும் மறுக்க முடியாதது. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். தோட்டத்துறையில் வாழ்வோர் நாட்டின் சனத்தொகையில் 5 வீதத்துக்கும் குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. நாடு முழுவதையும் ஒரே குவியலாக வைத்து மாதிரி எடுத்தால் நம் லயன்களிலிருந்து சில வீடுகளே அகப்படும். சனத்தொகையைப் பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனியே மாதிரி எடுக்கும் முறைக்கு 1934இல் கணித அடிப்படை தந்தவர் புள்ளிவிபரவியலாளர் நெய்மன். தோட்டத்துறைக்கென்று தனி எண் அச்சில் வருவதற்குப் பின்னால் இந்தக் கணிதம் இருக்கிறது.

கொழுந்து நிறுக்கும் இடத்திலும் இதே கதைதான். இத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். நிர்வாகம் அந்த இலக்கைச் சராசரியில் வைத்தால் என்ன நடக்கும்? பறிப்பு சராசரியின் இருபுறமும் ஏறக்குறைய சமமாகப் பரவியிருந்தால், எவரும் சோம்பாமலேயே பாதி நாட்கள் இலக்குக்குக் கீழே விழும். கவ்வாத்து வெட்டிய மலைக்கும் நன்றாகத் துளிர்த்த மலைக்கும், மழைக்கும் வறட்சிக்கும் ஒரே எண் பொருந்தாது. சம்பளப் பேச்சில் தொழிலாளர் பக்கம் பரம்பலை விளக்கத் தெரிந்த ஒரு பட்டதாரி அமர்ந்திருந்தால் பேச்சின் தரமே மாறும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது கொஞ்சமல்ல. கணிதப் பிரிவு நடத்தவே ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் மலையகத்தில் உண்டு என்பார்கள். உண்மைதான். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அந்தப் பின்னடைவு இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த வெற்றிடத்தை நிரப்பக்கூடியவரும் கணிதப் பட்டதாரிதானே? பொறியியலாளர் வகுப்பறைக்குத் திரும்புவது அரிது. வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு வங்கி, காப்புறுதி, மென்பொருள், அரச திணைக்களங்கள் எனப் பதில் நீளும். கணினி எல்லாக் கணக்கையும் போட்டுவிடுமே என்பதை மட்டும் ஏற்க முடியாது. 2011இன் இரண்டு தொகுதிகளையும் கலந்து கொடுத்திருந்தால், கணினி துளியும் பிசகாமல் அந்தத் தவறான விடையைத்தான் தந்திருக்கும்.

படிப்பு எளிதென்று பிள்ளைகளை ஏமாற்றவும் கூடாது. கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்து பழகியவர், முதல் தவணையிலேயே ஒரு சார்பு தொடர்ச்சியானது என்பதை எப்சிலன், டெல்ற்றா கொண்டு நிறுவ வேண்டியிருக்கும். விடையைவிட அதற்கான நியாயமே அங்கே புள்ளி பெறும். அதுவும் ஆங்கில மொழியில். தமிழில் படித்துப் போகிறவர் முதலாண்டில் தடுமாறுவது இயல்பு; உயர்தரம் முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களில் ஆங்கிலத்தையும் நிறுவல் எழுதும் பழக்கத்தையும் வளர்த்துக்கொண்டால் அந்தத் தடுமாற்றம் பெரிதும் குறையும்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டன்சினன் தோட்டத்திலோ பூண்டுலோயா நகரிலோ ஒரு பிள்ளைக்கு இணைந்த கணிதத்தில் உண்மையான விருப்பம் இருந்தால், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பௌதிக விஞ்ஞானத்தை ஒப்புக்குக் கடைசியில் எழுத வைக்காதீர்கள். அதை முதலில் எழுதும் துணிவை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள்.