கிக் அடித்தால் பேஸ் வழிவிடும்

சிங்கப்பூரின் தேக்காவில் ஏதாவது ஒரு கடையில் ஒலி 96.8 வானொலி ஓடிக்கொண்டிருந்தால் சற்று நின்று கேளுங்கள். பாட்டு முடியும் முன்பே படைப்பாளர் பேசத் தொடங்குவார், இசை பின்வாங்கும். பேச்சு நின்றதும் மறுபடி மேலேறும். வானொலிகளில் இதைக் கையால் செய்வதும் உண்டு, குரலைக் கண்டதும் இசையைத் தானே தாழ்த்தும் கருவியிடம் விடுவதும் உண்டு. இதற்குத்தான் டக்கிங் என்று பெயர். 1991இல் ஜியாக் கிம் தெருவில் தொடங்கி இப்போது கிளார்க் கீயில் இருக்கும் ஸூக் போன்ற நடனக்கூடங்களில் நெஞ்சில் வந்து இடிக்கும் இசையிலும் இதே வித்தைதான். அங்கே படைப்பாளரின் இடத்தில் கிக் டிரம்.

கிக், பேஸ் இரண்டின் பலமும் ஏறக்குறைய 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான அடித்தளத்தில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே முட்டிக்கொண்டால் அடி மழுங்கிவிடும். வழக்கமான கம்ப்ரசர் தனக்குள் வரும் ஒலியையே அளந்து, வரம்பு மீறினால் அதையே அடக்கும். இந்த மோதலைத் தவிர்க்கும் சைட்செயின் என்ற முறையில் அளப்பது ஒன்றை, அடக்குவது வேறொன்றை: கம்ப்ரசர் இருப்பது பேஸ் தடத்தில், அது கவனிப்பது கிக்கை. ரேஷியோவை, அதாவது அடக்கும் விகிதத்தை, 4:1 என்று வைத்தால், கிக் வரம்பை 8 டெசிபல் தாண்டும்போது பேஸ் 6 டெசிபல் இறங்கும்.

சூட்சுமம் ரிலீஸில் இருக்கிறது. அதாவது, அடங்கிய பேஸ் எழுந்துவர எடுக்கும் நேரம். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் 500 மில்லிவினாடி. ரிலீஸ் அதைவிட நீண்டால் பேஸ் தலைதூக்கவே முடியாது. மிகக் குறுகினால் தாழ்ந்த சுரங்கள் கரகரக்கும். இடையில் சரியாக அமைந்தால் பாட்டு முழுவதும் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும். நடன இசைக் கலைஞர்களான டாஃப்ட் பங்க் 2000இலும் எரிக் பிரிட்ஸ் 2004இலும் உலகெங்கும் ஆடவைத்த பாட்டுகளில் இந்த ஏற்ற இறக்கம் ஒளிவுமறைவின்றிக் கேட்கும். பலர் இதற்காகவே கிக்கின் நகல் ஒன்றை வெளியே கேட்காதபடி ஓடவிட்டு, அதைக்கொண்டு மற்ற தடங்களை அடக்குவார்கள்.

குத்துப்பாட்டு ரீமிக்ஸ் செய்பவர்கள் இதை அப்படியே எடுத்து ஒட்டுவதுதான் எனக்குப் பிடிக்காதது. நாலு அடிக்கும் ஒரே சீராகத் தாழும் ஆயத்த அமைப்பைப் போட்டால், அந்த அடிகளுக்கு நடுவே விழும் பறையின் வீச்சுக்குப் பேஸ் வழிவிடாது. பறையின் தடத்தையே சைட்செயினுக்கு அனுப்பி, 2, 3 டெசிபல் குறைத்தாலே போதும். உறுமித் தடத்தில் மட்டும் கம்ப்ரசரை வைக்காதீர்கள். அதன் இழுவை நடுவில் அறுந்து அறுந்து கேட்கும்.