காலமறிந்து எழுதும் மடல்

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து வைத்தார். அரசர்க்கு உரைத்த அம்முறை, முகமறியாத ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதும் பள்ளித் தலைமையாசிரியர்க்கும் பொருந்தும். கேட்கும் பொருள் இன்னதெனத் தெளிவதும், கேட்கத் தக்கவர் இன்னாரெனத் தேர்வதும் பலர்க்குக் கைவந்தவை. இடையில் நிற்கும் காலமறிதலே பெரும்பாலும் கைவிடப்படுகிறது. மடல் எழுதி முடிந்த வேளையே அதனை அனுப்பும் வேளை எனக் கொள்வது வழக்கமாகிவிட்டது. எழுதுவோரின் ஓய்வும் படிப்போரின் ஓய்வும் ஒன்றாதல் அரிது.

கோல சிலாங்கூர் வட்டாரத்துப் புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டப்புறங்களுக்கு இவ்வறிவு இன்று இன்றியமையாதது. முன்னாளில் தோட்டத்தில் ஒரு குறை நேர்ந்தால், அதனைத் தீர்க்க வல்லவர் தோட்டத்திலேயே இருந்தார். பெரட்டு முடிந்து துரை அலுவலகம் திரும்பும் நேரம் கிராணிக்கும் கங்காணிக்கும் தெரியும். முகக்குறிப்புப் பார்த்துப் பேசவும் வழியிருந்தது. இன்றோ முடிவுகள் தொலைவிலுள்ள தலைமை அலுவலகங்களில் எடுக்கப்படுகின்றன. மாணவர் 150 பேரோ அதற்குக் குறைவாகவோ உள்ள பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனப்படும். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுள் பல அவ்வகையின. அவற்றுள் பகுதி உதவி பெறும் பள்ளி, கூரைக்கும் கணினிக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் வெளியார் துணையை நாட நேர்கிறது. அதற்கென எழுதும் மடல் காலம் தவறினால், பேருந்து எட்டாத வீட்டுப் பிள்ளை அவ்வாண்டே வேறு பள்ளிக்குப் போய்விடக்கூடும். போன பிள்ளை திரும்புதல் அரிது.

பால்மரத்தை அறிந்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. விடியற்காலையில் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். சீவிய பட்டையில் பால் தடையின்றி ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழப்பதால் அழுத்தம் தளர்ந்து ஓட்டம் குறையும். கத்தியும் அதுவே, கையும் அதுவே, மரமும் அதுவே. வேறுபட்டது வேளை ஒன்றே.

அறிமுகமில்லார்க்கு எழுதிய மடல்களுள் தமிழர் மறவாதது சீனிவாச இராமானுஜன் எழுதியது. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்த அவர், 1913ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்னும் அறிஞர்களுக்கு எழுதியும் பயன் விளையவில்லை. ஹார்டியிடம் மட்டும் மடல் பலித்தது ஏன்? அவர்தம் நுண்ணறிவு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. மற்றொரு காரணமும் உண்டு. பகா எண்களின் எண்ணிக்கையைத் தரும் திட்டமான வாய்பாடு இன்னும் கண்டறியப்படவில்லை என்று ஹார்டி 1910இல் வெளியிட்ட நூலொன்றில் எழுதியிருந்தார். இராமானுஜன் அந்நூலை அண்மையில் படித்து, அவ்விடத்தைத் தம் மடலில் சுட்டினார். அவர் தந்த விடை முற்றும் சரியன்று எனப் பின்னர்த் தெரிந்தது. ஆயினும் பெறுவோர் மனத்தில் விடை தேடிக் கிடந்த வினாவை அம்மடல் தொட்டது.

காலையில் அம்மடலைப் பார்த்த ஹார்டி அதனை ஒதுக்கிவிட்டுத் தம் அன்றாடப் பணிக்குச் சென்றார் என்றும், அன்று முழுவதும் அது அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை என்றும், இரவில் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அதனை ஆராய்ந்தார் என்றும் சி. பி. ஸ்நோ எழுதியுள்ளார். பிப்ரவரி 8ஆம் நாள் ஹார்டி மறுமொழி எழுதினார். அவ்வாண்டு மே முதல் நாளிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வுதவி அளித்தது. இதனால் அறியத்தக்கது ஒன்று. மடல் சேரும் மணி சிறிது; பெறுபவர் அப்பொருளைப் பற்றி எண்ணவும் முடிவெடுக்கவும் இயலும் பருவமே பெரிது.

ஆதலின் முதலில் நோக்க வேண்டியது ஆண்டு. மலேசியக் கூட்டரசின் வரவுசெலவுத் திட்டம் 2023இல் அக்டோபர் 13, 2024இல் அக்டோபர் 18, 2025இல் அக்டோபர் 10 ஆகிய நாள்களில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. திட்டம் வெளிவந்தபின் அதில் இடம் கேட்பது, பந்தி முடிந்தபின் இலை கேட்பது போலாகும். டிசம்பர் 31இல் கணக்கை முடிக்கும் நிறுவனங்கள் அடுத்த ஆண்டுச் செலவை அதற்குச் சில திங்கள் முன்பே வகுக்கும். பெருந்தொகை வேண்டும் மடல் ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்களில் செல்வது நன்று. சிறுதொகைக்கு ஆண்டின் இறுதியும் ஏற்கும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6)ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கு அளிக்கும் நன்கொடைக்கு வரிக்கழிவு தருகிறது. நிறுவனங்களுக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரம்பு. அத்தகைய அமைப்பின் வழியாகக் கேட்போர் கணக்கு முடியுமுன் கேட்டல் வேண்டும்.

அடுத்தது கிழமை. திங்கட்கிழமை காலையில் இரு நாள் தேங்கிய மடல்கள் காத்திருக்கும். சிலாங்கூர் அரசு அலுவலகங்களில் வெள்ளி நண்பகல் 12.15 முதல் 2.45 வரை தொழுகைக்கும் உணவுக்குமான இடைவேளை. அதன்பின் வார இறுதி நெருங்கும். செவ்வாய் முதல் வியாழன் வரை ஏற்றவை எனப் பொதுவாகக் கூறுவது இதனாலேயே. கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அங்கு ஞாயிறே வாரத்தின் முதல் வேலைநாள். ஜொகூர் 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியது. நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், சென்ற ஆண்டு பொருந்திய நாள் இவ்வாண்டு பொருந்தாமற் போகலாம். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி ஆகியவற்றை ஒட்டிய நாள்களும் விலக்கத்தக்கன.

இறுதியாக வேளை. மின்னஞ்சற் பெட்டியில் புதியது மேலே வந்து நிற்கப் பழையது கீழே இறங்கும். இரவு பதினொரு மணிக்கு அனுப்பியது விடிவதற்குள் புதைந்துவிடும். அலுவலகம் திறந்து சற்று நேரத்தில் சேரும் மடல் கண்ணிற்படும். சென்னைக்கு எழுதுவோர் அங்குள்ள கடிகாரம் இரண்டரை மணி பின்தங்கியது என்பதை நினைக்க வேண்டும். இங்குக் காலை 9 மணி, அங்கு 6.30. இரவில் எழுதினும் காலையில் போய்ச்சேருமாறு நேரம் குறித்து வைக்கும் வசதியை ஜிமெயில் 2019இல் தந்தது.

அனுப்புவோர்க்கும் காலம் உண்டு. பள்ளி விடுமுறைக்கு முந்திய நாள் மடலை அனுப்பிவிட்டு ஊருக்குப் போனால், விளக்கம் கேட்டு வரும் மறுமொழிக்கு விடை சொல்வார் இலர். இராமானுஜன் ஹார்டியின் மறுமொழிக்கு அதே பிப்ரவரி 27ஆம் நாளே விடை எழுதினார். மடல் திறக்கப்பட்டதா என்று காட்டும் கருவிகளையும் நம்புதற்கில்லை; 2021இல் ஆப்பிள் நிறுவனம் கொணர்ந்த மாற்றத்தால், படிக்காத மடலும் படித்ததாகக் காட்டப்படலாம். மறுமொழியே உண்மைக் கணக்கு. ஒரு வாரம் பொறுத்து ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். நாள்தோறும் கதவைத் தட்டுதல் வெறுப்பையே வளர்க்கும்.

காலமறிதல் என்பது பிறரை வளைக்கும் சூழ்ச்சியன்று. பெறுபவர்க்கும் வேலை உண்டு, வீடு உண்டு, வழிபாடு உண்டு என்பதை மதிக்கும் பண்பாகும். தலைமையாசிரியர்கள் பள்ளியின் தேவைகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் கேட்கத் தக்கவரையும் கேட்கத் தக்க திங்களையும் குறித்து வைப்பாராயின், மடல் எழுதும் பொழுதும் அனுப்பும் பொழுதும் தாமே வேறாகும். பேருந்துக்கு வழி தேடும் மடல், பிள்ளைகள் பள்ளி மாறிய பின்னர் அன்றி, அதற்கு முன்னரே போய்ச்சேரும்.