மூளையும் நினைவாற்றலும்

“ஞாபகசக்தி உடையவன்”, “ஞாபகசக்தி அற்றவன்” என மாணாக்கரை இரு வகுப்பாகப் பிரித்துப் பேசுதல் நம்மிடையே பெருவழக்காகும். நினைவாற்றல் என்பது ஒரே ஆற்றல். குடத்து நீர் போல அஃது ஒருவனிடத்து நிறைந்தோ குறைந்தோ இருக்கும் என்னும் எண்ணமே இவ்வழக்கிற்கு அடிப்படையாகும். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதை ஐயமற விளக்கியது ஒரு நோயாளியின் வாழ்க்கை. மூளைக்கும் நடத்தைக்குமுள்ள தொடர்பை ஆராயும் துறையில் அவரை அறியாதார் இலர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஹென்றி மொலேசன் என்பார் 1926 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கனெற்றிக்கட் மாநிலத்திற் பிறந்தவர். இளமை முதலே காக்கை வலிப்பினால் வருந்தியவர். மருந்துகள் பயனளியாமையால், 1953 இல், அவரது 27 ஆவது வயதில், வில்லியம் ஸ்கோவில் என்னும் சத்திரவைத்தியர் அவர் மூளையின் இரு பக்கத்தும், செவிகளுக்கு நேர் உட்புறமாயமைந்த பகுதிகளை அகற்றினார். அப்பகுதியிலுள்ள ஓர் உறுப்பு கடற்குதிரையின் வடிவினை ஒத்தது. ஆதலின் ‘ஹிப்போகம்பஸ்’ என்னும் கிரேக்கப் பெயரைப் பெற்றது. அவ்வுறுப்பின் பெரும்பாகமும் அகற்றப்பட்டவற்றுள் அடங்கியிருந்தது.

வலிப்புப் பெரிதும் தணிந்தது. ஆனால், அன்று தொட்டு மொலேசன் புதிய செய்தி எதனையும் நினைவில் நிறுத்தும் ஆற்றலை இழந்தார். சற்று முன் உண்டதை மறந்தார். நாடோறும் காண்பவரைப் புதியவராகவே கருதினார். எனினும், அவரது அறிவுக் கூர்மை குன்றவில்லை. 1955 இல் நடந்த சோதனையில் அவரது நுண்ணறிவு ஈவு 112 ஆகக் காணப்பட்டது. பேச்சும், பண்பும், இளமைக்கால நினைவுகள் பலவும் அழியாதிருந்தன.

கனடாவைச் சேர்ந்த உளவியலறிஞர் பிரெண்டா மில்னர் அம்மையார் அவரை நுணுகி ஆராய்ந்தார். 584 என்னும் எண்ணை நினைவில் வைக்குமாறு பணித்தபோது, மொலேசன் அதனை இடைவிடாது மனத்துட் பற்றி, 15 நிமிடங்களின் பின்னும் சரியாகக் கூறினார். கவனம் வேறொன்றிற் சென்றதும் எண்ணை மட்டுமன்றி, அத்தகைய பணி தரப்பட்டதையே மறந்தார். இதனால், ஒன்றைக் கணப்பொழுது மனத்திற் பற்றி நிற்றல் வேறு, அதனை நெடுங்காலம் நிலைபெறச் செய்தல் வேறு என்பது புலனாயிற்று.

மற்றொரு சோதனை இதனினும் வியப்புடையது. கண்ணாடியிற் தோன்றும் பிம்பத்தை மட்டும் நோக்கி, நட்சத்திர வடிவொன்றின் ஓரத்தை எழுதுகோலால் வரைதல் வேண்டும். கையின் போக்கு மாறித் தோன்றுதலின், யாவருக்கும் இது முதலில் இடர் தரும். மூன்று நாட் பயிற்சியில் மொலேசனின் பிழைகள் படிப்படியாகக் குறைந்தன. ஆயினும் ஒவ்வொரு நாளும் அவர் அதனை முன் செய்ததேயில்லை என எண்ணினார். மனம் மறந்ததைக் கை கற்றுக்கொண்டது! செய்தியை நினைவிலிருத்த அகற்றப்பட்ட அப்பகுதி இன்றியமையாதது. செயற்றிறனோ மூளையின் வேறு பகுதிகளின் துணையாற் கைகூடுவது.

இவ்வுண்மை முதுமையில் வரும் அல்சைமர் நோயை விளங்கிக்கொள்ளவும் உதவுகின்றது. அலோயிஸ் அல்சைமர் என்னும் ஜேர்மன் வைத்தியர் 1906 இல் எடுத்துரைத்த இந்நோய், பெரும்பாலும் கடற்குதிரை வடிவான அவ்வுறுப்பையும் அதன் அயலையும் தொடக்கத்திலேயே தாக்குகின்றது. அதனாலேயே, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய நிகழ்ச்சியைத் தெளிவாகக் கூறும் முதியவர், காலையிற் கேட்ட கேள்வியை மாலைக்குட் பன்முறை கேட்கின்றார். பழையது நினைவிருக்கப் புதியது மறந்துபோவது நடிப்புமன்று, பிடிவாதமுமன்று; நோயின் குறியாகும். அவரைக் கடிந்துரைத்தலாற் பயனில்லை. கேட்குந்தோறும் அமைதியாக விடை கூறுதலே தக்கது.

ஆசிரியர்க்கும் இதிற் பாடமுண்டு. நீச்சலின் விதிகளை மனனஞ் செய்தவன் நீந்த வல்லவனாகான். வாய்பாட்டை ஒப்புவிக்க இடர்ப்படுபவன் கைவினையில் வல்லவனாதலுங் கூடும். ஒரு வகை நினைவினை மட்டும் அளந்து, அதுவே ஒருவனின் கல்வித்திறன் முழுவதும் எனத் தீர்ப்புக் கூறுதல் முறையன்று.

இவ்வறிவு பெரும் விலை கொடுத்துப் பெறப்பட்டது. 1957 இல் ஸ்கோவிலும் மில்னரும் இவ்விளைவுகளை வெளியிட்டனர். இருபுறமும் இப்பகுதிகளை அகற்றுதலாகாது எனச் ஸ்கோவில் தாமே ஏனைய வைத்தியரை எச்சரித்தார். மொலேசன் ஐம்பதாண்டுகளுக்கு மேலாகச் சலிப்பின்றிச் சோதனைகளுக்கு உடன்பட்டார். அவர்தம் தனிவாழ்வைக் காக்கும் பொருட்டு, ஆய்வேடுகள் அவரை ‘எச்.எம்.’ என்றே குறித்தன. 2008 இல், தமது 82 ஆவது வயதில், அவர் காலமான பின்னரே அவரது பெயரை உலகம் அறிந்தது. தாம் செய்த உதவியின் பெருமையைத் தம் நினைவில் வைத்திருக்க அவருக்கு இயலவில்லை. அதனை நினைவில் வைத்திருத்தல் அவராற் பயன்பெற்ற நமது கடனாகும்.