காட்டில் ஒளிந்த தாமரை: ‘லைஃப் ஆஃப் பை’ திரைவடிவத்தில் தமிழ்க் கூறுகள்

ஸ்பெயின் நாட்டுச் சாலமன்காவில் பிறந்த கனடிய எழுத்தாளர் யான் மார்டெலின் ‘லைஃப் ஆஃப் பை’ (2001) என்னும் ஆங்கிலப் புதினம் 2002ஆம் ஆண்டின் புக்கர் பரிசைப் பெற்றது. ஆங் லீ இயக்கிய அதன் திரைவடிவம் 2012இல் வெளிவந்து நான்கு ஆஸ்கர் விருதுகளை வென்றது. இரண்டிலும் கதைநாயகனின் இளமைக்களம் புதுச்சேரியே. ஆயினும் அந்நகரின் தமிழ் இரண்டிலும் ஒரே அளவில் ஒலிக்கவில்லை.

புதினத்தின் புதுச்சேரி பெரிதும் பெயர்களால் ஆனது: நேரு வீதிக் காப்பியகம், தாவரவியல் பூங்கா, பிரெஞ்சு ஆட்சியின் எச்சங்கள். நாயகனின் பெயரே பாரிசின் மோலித்தோர் நீச்சல்குளத்தினின்று வந்தது. ‘பிசின்’ என்னும் அப்பிரெஞ்சுச் சொல்லைப் பள்ளிச் சிறுவர்கள் ஆங்கிலத்தில் திரித்து இழிவுசெய்ய, அவன் கணிதக் குறியீடான ‘பை’க்குள் ஒதுங்குகிறான். தமிழ்ச் செவிக்கோ முன்னது மரத்தில் வடிவது. பின்னது தோளில் தொங்குவது. தமிழ்ச் சிறுவர்கள் கேலிக்குத் தேடியிருக்கக்கூடிய முதற்பொருள்கள் இவையே. இவற்றைப் புதினம் பொருட்படுத்தாதது, ஆசிரியர் இந்நகரைத் தமிழுக்குப் புறத்தே நின்று கண்டமையைக் காட்டுகிறது.

திரைவடிவம் இவ்விடைவெளியை இருவகையில் நிரப்புகிறது. ஒன்று, பம்பாய் ஜெயஸ்ரீ எழுதிப் பாடிய தமிழ்த் தாலாட்டு. மைக்கேல் டேனா இசையமைத்த இப்பாடல் ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. படத்தின் தொடக்கத்தில் இத்தாய்க்குரல் விலங்குகளின்மீது படர்கிறது. இறுதியில் சொல்லப்படும் மாற்றுக் கதையிலோ ஒராங்குட்டானே தாயாகிறது. தமிழறிந்தோர்க்கு இவ்விணைப்பு முன்னதாகவே செவியில் விழுந்துவிடுகிறது.

மற்றொன்று, புதினத்தில் இல்லாத ஆனந்தி என்னும் பரதநாட்டிய மாணவி. வெறும் காதற்கிளைக்கதை என இதை ஒதுக்குவது பொருந்தாது. அவள் காட்டிய முத்திரைகளைத் தொடர்ந்து சென்று, தாமரை ஏன் காட்டில் ஒளிய வேண்டும் என்று பை வினவுகிறான். அவ்விடத்தில் அதற்கு நிறைவான விடையில்லை. கடலில் பலநாள் அலைந்து அவன் அடையும் தீவிலேயே அவ்வினா மீள்கிறது. புதினத்தில் அத்தீவின் மரத்துக் ‘கனி’கள், மனிதப் பற்களைப் பொதிந்த இலைச்சுருள்கள், மொத்தம் 32 பற்கள். படமோ அதை ஒற்றைப் பல்லாகச் சுருக்கி, தாமரைபோல் இதழ்விரியும் பொதிக்குள் வைக்கிறது. காட்டினுள் தாமரை, அதனுள் முன்பு ஒருவன் அங்கேயே மாண்டதன் தடயம். ஆனந்தி கட்டிவிட்ட கயிற்றை அவன் அவிழ்த்து அத்தீவின் மரவேரில் கட்டிவிட்டுப் புறப்படுகிறான்.