பற்றாக்குறை எங்கே போய் உட்காருகிறது?

வரவும் செலவும் – 9

2021 ஆகஸ்ட் 9-ம் தேதி அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் எத்தனையோ எண்கள் இருந்தன. ஊர் நினைவில் தங்கியது ஒன்றுதான்: தமிழ்நாட்டின் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன். அதன்பிறகு யார் எதிர்க்கட்சியாக இருந்தாலும் இந்தத் தலைக்கணக்கைப் புதுப்பித்து மேடையேற்றுவது வழக்கமாகிவிட்டது. டீக்கடையிலும் அதுதான் பேச்சு. ஆனால், அந்தக் கடனைக் கட்டச் சொல்லி எந்தக் குடும்பத்துக்கும் நோட்டீஸ் வரப்போவதில்லை. பயமுறுத்துவதைத் தவிர அந்த எண்ணால் வேறு பயனும் இல்லை. அதே அறிக்கையில் கவனிக்கத்தக்க வேறு இரண்டு எண்கள் இருந்தன. அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம். மின்சாரத்தில் யூனிட்டுக்கு 2 ரூபாய் 36 காசு நட்டம். பற்றாக்குறை எங்கே பிறக்கிறது என்பதை இவை காட்டின. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 பட்ஜெட்டில், பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் போனது. கைதட்டல் கிடைத்தது. குடும்பத்துக்கு இரண்டரை லட்சம் கடன் என்ற பேச்சும் வரிக்குறைப்பும் ஒரே வாரத்தில் நடந்ததை யாரும் முரணாக எடுத்துக்கொள்ளவில்லை.

பட்ஜெட்டில் குறைத்துக் காட்டப்படும் பற்றாக்குறை எங்கும் கரைந்துபோவதில்லை, அரசின் ஏட்டிலிருந்து யாரோ ஒருவர் வீட்டு ஏட்டுக்கு இடம் மாறுகிறது என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது. பேருந்தையே எடுத்துக்கொள்வோம். கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். அதன்பிறகு டீசல், உதிரிபாகம், சம்பளம் எல்லாம் ஏறின. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதற்கென 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்தச் செலவு வெளிப்படையானது. வேண்டும், வேண்டாம் என்று நாம் வாதாடலாம். ஆனால், கட்டணத்தைத் தொடாமல் விட்டதால் சேர்ந்த சுமையில் பெரும்பகுதி போக்குவரத்துக் கழகங்களின் கணக்கில் தங்கி, அங்கிருந்து கீழே கசிகிறது. ஓய்வுபெற்ற நடத்துநருக்குப் பல ஆண்டுகளாக அகவிலைப்படி உயரவில்லை; பணப்பலன் கைக்கு வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் நடந்த பேருந்து வேலைநிறுத்தத்தில் இந்த நிலுவை ஒரு முக்கியக் கோரிக்கை. மழைநாளில் கூரை ஒழுகி உள்ளேயே குடை பிடிக்கும் பயணியும், ஆளில்லாததால் கட்டாய ஓவர்டைம் பார்க்கும் ஓட்டுநரும் அதே பற்றாக்குறையைத்தான் சுமக்கிறார்கள். நிதித்துறை ஆவணம் எதிலும் இவர்கள் கடன் கொடுத்தவர்களாகப் பதிவாவதில்லை.

மின்சாரத்தின் கதை இன்னும் தெளிவானது. 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை கட்டணம் உயரவில்லை. இடையே இரண்டு சட்டமன்றத் தேர்தல்கள் நடந்தன, 2016-ல் 100 யூனிட் இலவசமும் வந்தது. 2017-ல், மின்வாரியங்களைக் கடனிலிருந்து மீட்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மின்வாரியக் கடனில் 22,815 கோடி ரூபாயை அரசு ஏற்றுக்கொண்டது, நட்டம் நிற்கவில்லை. எட்டாண்டு தள்ளிப்போட்டதை ஒரே மூச்சில் ஏற்றியபோது அடி சிறுதொழில் கூடங்களின் மேல் விழுந்தது. இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம், மாலை நேரத்தில் கூடுதல் கட்டணம். 2023 செப்டம்பரில் கோவை, திருப்பூர் உள்ளிட்ட பல ஊர்களில் சிறுதொழில் முனைவோர் ஒரு நாள் கதவடைத்தார்கள். அதே நிதியாண்டில் வாரியத்தின் நட்டத்தை ஈடுகட்ட அரசு 17,117 கோடி ரூபாய் கொடுத்தது. முந்தைய ஆண்டில் 36,215 கோடியாக இறங்கியிருந்த வருவாய்ப் பற்றாக்குறை (அன்றாடச் செலவுக்கு வருவாய் போதாமல் விழும் துண்டு) 45,000 கோடியைத் தாண்டியதில் இதற்கும் பங்குண்டு. உடனே ‘நிர்வாகம் சீரழிந்தது’ என்றார்கள். என் பார்வையில், அந்த ஆண்டின் கணக்கு முந்தைய பல ஆண்டுகளின் கணக்கைவிட நேர்மையானது. எங்கோ ஒளிந்திருந்த நட்டம் வெளிச்சத்துக்கு வந்தது, அவ்வளவுதான். சொத்து வரியும் இதே ரகம்: ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைத்திருந்து, 2022 ஏப்ரலில் 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றினார்கள்.

இலவசங்களை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமே என்பவர்கள் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். 2025-26 பட்ஜெட்டில் மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி, பேருந்துப் பயணத்துக்கு 3,600 கோடி. இரண்டையும் நாளையே நிறுத்தினாலும், 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறையில் 24,000 கோடிக்கு மேல் மிச்சம் நிற்கும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து 2 லட்சம் கோடியைத் தாண்டுகின்றன. வருவாயில் ஐந்தில் மூன்று பங்கு அது. மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கும் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, இந்த மூன்றைப் பற்றி எந்தக் கட்சியும் வாய் திறக்காது. டாஸ்மாக் மதுக்கடைகளை மூடுவோம் என்ற வாக்குறுதியும் இந்தக் கணக்கில்தான் முட்டி நிற்கிறது. 2023-24-ல் அங்கிருந்து வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அந்த ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறையும் ஏறக்குறைய அதே அளவு. குடிகாரர் வீட்டு அடுப்பிலும் மாநிலத்தின் பற்றாக்குறை போய் உட்கார்ந்திருக்கிறது.

டெல்லிதான் காரணம் என்பது இன்னொரு பதில். அதில் உண்மை உண்டு. மத்திய வரிப்பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு 13-வது நிதிக்குழுக் காலத்தில் 4.969 சதவீதம், 15-வது குழுவில் 4.079. ஜிஎஸ்டி இழப்பீடும் 2022 ஜூனோடு முடிந்தது. இந்த அநியாயத்தைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால், எட்டாண்டு மின்கட்டணத்தைத் தொடாமல் இருக்கச் சொன்னது டெல்லியல்ல. மாநில உற்பத்தியில் கடன் 26 சதவீத அளவில்தானே இருக்கிறது, வரம்புக்குள்தானே என்பாரும் உண்டு. சரிதான், அளவு என்னை உறுத்தவில்லை. பாலமோ அணையோ கட்ட வாங்கிய கடனைப் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து அடைப்பதில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் அவர்களும் அதைப் பயன்படுத்துவார்கள். ஆனால், 2025-26-ல் திட்டமிட்ட நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி நிரப்ப வேண்டிய மொத்தத் துண்டு, 1,06,963 கோடி; அதில் 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறை. அப்படியானால், கடனாகத் திரட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறக்குறைய 39 ரூபாய் அந்த ஆண்டின் அன்றாடச் செலவுக்கே போகிறது. நாம் உறுத்தலோடு பார்க்க வேண்டியது இதைத்தான்.

வருவாய்ப் பற்றாக்குறையை அடியோடு ஒழிப்பதற்கென்று 2003-ல் தமிழ்நாடு ஒரு சட்டமே இயற்றியது. கெடு நெருங்கும்போதெல்லாம் சட்டத்தைத் திருத்தித் தேதியைத் தள்ளிவைத்தார்கள். கடைசியாக வருவாய்க் கணக்கில் உபரி இருந்தது 2012-13-ல்.